மனைவி பெயர்

"ஹின்டாம்மா, நீங்க இப்படி மின்விசிறிக்குக் கீழ வந்து உக்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார் அஸ்ரியேல். ஃப்ரூமா அசையவில்லை. சுவரோரமாக நின்று கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள்.

அடக்கச் சங்கத்தின் அலுவலகம் காலை ஒன்பது மணிக்கே புழுங்கித் தள்ளியது. பாலைவனத்துக் காற்று மூன்று நாளாக ஹைஃபாவை விட்டுப் போகமாட்டேன் என்று அடம்பிடித்தது. விடியற்காலையில் ஆஸ்பத்திரியில் ஃப்ரூமாவின் கணவர் ஹெர்ஷல் கண்ணை மூடியிருந்தார். பன்னிரண்டு மணிக்கு அடக்கம். செத்தவரைக் காக்க வைக்கக்கூடாது என்பது முறை. இந்த வெயிலில் முறை இல்லாவிட்டாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள்.

"அம்மா பேரு ஃப்ரூமா" என்றாள் நிட்ஸா. ஒரே மகள். முப்பத்தெட்டு வயது. பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லித் தருகிறவள், தப்பைக் கண்டால் திருத்தாமல் நகரமாட்டாள். "ஹின்டா எங்க அப்பாவோட அம்மா. அவங்க போய் நாப்பத்தேழு வருஷம் ஆச்சு. போர்ல."

அஸ்ரியேல் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெரிய பதிவேட்டைத் திருப்பினார்.

"இதோ பாருங்கம்மா. பதினாலாவது வரிசை, பக்கத்துப் பக்கத்துல ரெண்டு இடம். ஒண்ணு அவருக்கு. இன்னொண்ணுக்கு நேரே, 'மனைவி பெயர்: ஹின்டா, யோசேயின் மகள்'. அவரே வந்து எழுதிட்டுப் போனது. நாலு வருஷம் இருக்கும். கடல் சத்தம் கேக்குற வரிசைதான் வேணும்னு நின்னு பாத்து எடுத்தார்."

நிட்ஸா எட்டிப் பார்த்தாள். அப்பாவின் கையெழுத்துதான். தையல்காரரான அவர் துணியில் அளவு குறிக்கிற மாதிரி ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக நின்றது. மேலே 'தாய் பெயர்' என்ற இடத்திலும் ஹின்டா, கீழே 'மனைவி பெயர்' என்ற இடத்திலும் ஹின்டா.

"பெரியவர் குழம்பியிருப்பார். இதெல்லாம் சகஜம்" என்றார் அஸ்ரியேல். "இங்க வந்தா எல்லாருக்கும் கை நடுங்கும். போன மாசம் ஒருத்தர் அந்த இடத்துல நாய் பேரை எழுதிட்டுப் போயிட்டார். அப்புறம் பொண்டாட்டி வந்து கத்தின கத்து இருக்கே! ஒரு கோடு போட்டு அடிச்சுட்டு ஃப்ரூமான்னு எழுதிட்டா முடிஞ்சுது. அத்தாட்சிக்கு ஏதாவது காகிதம் இருக்கா?"

காகிதத்துக்கா பஞ்சம்? அவர்கள் வீட்டில் போட்டோ கிடையாது, நகை கிடையாது, காகிதம் உண்டு. படுக்கை விரிப்புகளுக்கு அடியில் ஒரு ரெக்ஸின் பையில் ஹெர்ஷல் வைத்திருந்த காகிதங்களைக் கேட்டு, ஜெருசலேமிலிருந்து ஆவணக் காப்பகத்துக்காரர்கள் இரண்டு முறை வந்தார்கள். இரண்டு முறையும் அவர்களுக்கு டீயும் கேக்கும் கொடுத்து, "நான் செத்தப்புறம் வாங்க" என்று அனுப்பிவைத்தார். அந்தப் பையை நிட்ஸா இப்போது மேஜைமேல் வைத்து ஜிப்பைத் திறந்தாள்.

"அதை எடுக்காதடி" என்றாள் ஃப்ரூமா.

நிட்ஸா அதற்குள் எடுத்துவிட்டாள். மடிப்பில் கிழிந்து ஒட்டுப்போட்ட மஞ்சள் சீட்டு ஒன்று. அதோடு சேர்ந்த நீலச் சீட்டு ஒன்று.

"வில்னா, நாப்பத்தொண்ணு அக்டோபர்" என்று வருஷா வருஷம் மாணவர்களுக்குச் சொல்கிற அதே குரலில் ஆரம்பித்தாள். அஸ்ரியேலின் குடும்பம் மொராக்கோவிலிருந்து வந்தது. அவருக்குச் சொல்லத்தான் வேண்டியிருந்தது. "ஜெர்மன்காரங்க நம்ம யூத ஜனங்களை அடைச்சு வச்சு, கூட்டம் கூட்டமாக் கொண்டுபோய்ச் சுட்டுக்கிட்டிருந்த நேரம். வேலைக்கு ஆகுறவங்களுக்கு மட்டும் மஞ்சள் சீட்டு. அது கையில இருந்தா அந்த ஆளை அப்போதைக்கு விட்டு வைப்பாங்க. கூடவே பொண்டாட்டியும் ரெண்டு பிள்ளைங்களும் பொழைக்கலாம். அவங்களுக்கு நீலச் சீட்டு. பெத்தவங்களுக்குக் கிடையாது. எங்கப்பா எங்கம்மாவை இந்தக் காகிதத்தாலதான் காப்பாத்தினார். பாருங்க, மனைவின்னு போட்டிருக்கு, ஃப்ரூமா. இதைவிட என்ன அத்தாட்சி வேணும்?"

அஸ்ரியேல் நீலச் சீட்டை வாங்கி, சும்மா பார்க்காமல், ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார். முப்பது வருஷமாகக் கல்லறைக் கற்களில் எழுத்துப் பிழை பார்க்கிறவர். கொத்திய எழுத்தை மறைத்து மேலே வேறு எழுத்தைக் கொத்தினால் அவர் கண் கண்டுபிடித்துவிடும்.

"இங்க சுரண்டியிருக்கேம்மா. அடியில வேற பேரு தெரியுது."

நிட்ஸா பிடுங்காத குறையாக வாங்கிப் பார்த்தாள். நூறு தடவை தொட்ட காகிதம்தான், ஒரு தடவைகூட வெளிச்சத்துக்கு நேரே பிடித்ததில்லை. மனைவி பெயர் இருந்த இடத்தில் தாள் மெலிந்திருந்தது. ஃப்ரூமாவின் முதல் எழுத்துக்குப் பின்னால் இரண்டு நெட்டைக் கோடுகளும் நடுவில் ஒரு குறுக்குக் கோடும் மங்கலாகத் தெரிந்தன. ரோமன் எழுத்தில் ஹின்டாவின் முதல் எழுத்து.

"பிளேடால சுரண்டினது" என்றாள் ஃப்ரூமா. அப்போதுதான் வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். "அவங்களே சுரண்டினாங்க."

பக்கத்து அறையில் தொலைபேசி அடித்து ஓய்ந்தது.

"அவர் அவங்க பேரைத்தான் குடுத்திருந்தார். பெத்த அம்மாவைப் பொண்டாட்டின்னு எழுதினார். நிறையப் பேர் அப்படித்தான் பண்ணாங்க, வேற என்ன வழி? வயசையும் குறைச்சுப் போட்டார். சீட்டும் வந்துடுச்சு. மறுநாள் அவர் பட்டறைக்குப் போனப்புறம் அந்தம்மா என்னைக் கூப்பிட்டாங்க. ஒரே அறையில பதினோரு பேர் இருந்தோம், நானும் அவரும் பழகுறது அவங்களுக்குத் தெரியும். 'கண்ணு சரியாத் தெரியலை, ஓரத்தைப் பிடிச்சுக்கோ'ன்னாங்க. பிடிச்சுக்கிட்டேன். சுரண்டிட்டு என் பேரை எழுதினாங்க. ஊதி ஊதிக் காய வச்சாங்க."

"நீ என்ன சொன்னே?"

"ஒண்ணும் சொல்லலை. யாராவது டீ குடிக்கிறியான்னு கேட்டாக்கூட, மரியாதைக்கு ஒருதடவை வேண்டாம்னு சொல்றோம். நான் அதைக்கூடச் சொல்லலை. பத்தொன்பது வயசு எனக்கு."

"அப்பாவுக்குத் தெரியாதா?"

"ரெண்டு நாள் கழிச்சு சீட்டு இருக்குறவங்களை மட்டும் வெளியே கூட்டிட்டுப் போனாங்க. அம்மா பின்னால வர்றாங்கன்னு நினைச்சுக்கிட்டு முன்னால போய் நின்னார். வாசல்ல எண்ணும்போதுதான் திரும்பிப் பாத்தார், பக்கத்துல நான். 'இவ உன் பொண்டாட்டியா?'ன்னு எண்ணிக்கிட்டிருந்த காவலாளி கேட்டான். ஆமான்னார். அன்னையிலேர்ந்து நாப்பத்தேழு வருஷமா யார் கேட்டாலும் ஆமான்னுதான் சொன்னார். நாங்க திரும்பி வந்தப்போ அறை காலி."

அக்டோபர் கடைசியில் ஒரு நாள் அப்பா மெழுகுவத்தி ஏற்றுவார். அன்றைக்கு அம்மாவுக்குத் தவறாமல் தலைவலி வரும், பஸ் ஏறி எங்கேயாவது போய்விடுவாள். தலைவலிக்காரி எதற்குப் பஸ்ஸில் சுற்றுகிறாள் என்று நிட்ஸா ஒருநாளும் கேட்டதில்லை.

"நீ பிறந்த அன்னைக்கு ஹின்டான்னு வைக்கலாம்னேன்" என்றாள் ஃப்ரூமா. "அப்போதான் வாயைத் திறந்தார். 'அன்னைக்கு வேண்டாம்னு சொன்னியா?' இல்லைன்னேன். 'அப்போ அந்தப் பேரைத் தொடாதே'ன்னார்."

செத்தவர்களின் பெயரைத்தான் பிள்ளைகளுக்கு வைப்பார்கள் அவர்கள் ஊர்க்காரர்கள். தெருவில் அவளோடு விளையாடிய பிள்ளைகள் எல்லோரும் யாரோ ஒருவருடைய பெயரைச் சுமந்துகொண்டிருந்தார்கள். நிட்ஸா என்பது மட்டும் யார் பெயரும் இல்லை. மொட்டு என்று அர்த்தம், அவ்வளவுதான். புதிய நாட்டுக்குப் புதிய பெயர் என்று அப்பா சொல்லியிருந்தார். அதையும் அவள் மாணவர்களுக்குப் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள்.

அஸ்ரியேல் தொண்டையைக் கனைத்தார். "அம்மா, நேரம் ஆகுது. குழி வெட்டியாச்சு. சட்டப்படி நீங்கதான் மனைவி, அதுல சந்தேகமே இல்லை. நான் ஒரு கோடு போட்டு…"

"போடுங்க" என்றாள் நிட்ஸா. செத்து நாலு மணி நேரம்கூட ஆகாத அப்பாவின் மேல் அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. "போட்டு எங்கம்மா பேரை எழுதுங்க. எலும்புகூடக் கிடைக்காத ஆளுக்கு எதுக்கு இடம்? உள்ள எதை வச்சு மூடுவீங்க?"

"கிழவன் நாலு வருஷமா இதை மனசுக்குள்ள வச்சுக்கிட்டுத்தான் நான் வச்ச சூப்பைக் குடிச்சிருக்கான்" என்றாள் ஃப்ரூமா. "'உப்பு போதலை'ன்னு சொல்ல வாய் இருந்துச்சு, இதைச் சொல்ல வாய் இல்லை. சொல்லியிருந்தா நானே வந்து கையெழுத்துப் போட்டிருப்பேன்." அவள் கண்ணில் பொட்டு நீர் இல்லை. பேனாவைப் பிடித்திருந்த அஸ்ரியேலின் கையைப் பார்த்தாள்.

"வேண்டாம்" என்றாள்.

"என்னம்மா?"

"அந்தப் பேரை அடிக்க வேண்டாம்."

"அப்போ உங்களுக்கு?"

"எங்கயாவது. சுவர் ஓரமா ஒரு மூலை இருக்காதா?"

நிட்ஸாவுக்கு அவளைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. இந்த ஒரு வார்த்தையைச் சொல்ல நாற்பத்தேழு வருஷமா? இனி இதைக் கேட்க யார் இருக்கிறார்கள்? அஸ்ரியேல் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

அடக்கத்துக்கு முன் நெருங்கின சொந்தங்களின் உடையில் கழுத்தோரம் கிழிக்க வேண்டும். சங்கத்துப் பெண் ஒருத்தி சின்னக் கத்தியோடு வந்து நிட்ஸாவுக்குக் கிழித்துவிட்டாள். ஃப்ரூமாவின் முன்னால் வந்து தயங்கினாள். அலுவலகத்தில் நடந்தது அதற்குள் அவள் காதுக்கு எட்டியிருந்தது.

"நீங்க… மனைவி முறைதானே?"

"கிழி" என்றாள் ஃப்ரூமா. "நல்லா ஆழமாக் கிழி. அவர் தைச்சுக் குடுத்த சட்டைதான். லேசுல கிழியாது."

பன்னிரண்டு மணிக்கு ஹெர்ஷலைப் பெட்டி இல்லாமல், வெள்ளைத் துணியோடு குழிக்குள் இறக்கினார்கள். போகிறவர் எதையும் கொண்டுபோவதில்லை என்று அந்தத் துணிக்குப் பை வைத்துத் தைப்பதில்லை. மகன் இல்லாததால் தையல் பட்டறைக் கூட்டாளி ஒருவர் பிரார்த்தனை சொன்னார். ஆண்கள் முறை வைத்து மண் தள்ளினார்கள். தள்ளி முடித்தவர் மண்வெட்டியை அடுத்தவர் கையில் கொடுக்காமல் மண்ணில் குத்திவிட்டு விலகினார். சாவைக் கைமாற்றிவிடக் கூடாது என்பதற்காக. முப்பது பேர் வந்திருந்தார்கள். கற்களுக்கு நடுவே நிற்க இடமில்லாமல் பாதிப்பேர் குழிக்குப் பக்கத்தில் இருந்த வெற்றுத் தரையில் நெருக்கியடித்து நின்றார்கள்.

"அங்க நிக்காதீங்க" என்றாள் ஃப்ரூமா. அவள் மட்டும் தள்ளி, சரளைக்கல் பாதையில் நின்றிருந்தாள்.

யாருக்கும் புரியவில்லை. பிரார்த்தனை சொன்னவர் திரும்பிப் பார்த்தார்.

"தள்ளி நில்லுங்க. அது ஒருத்தங்க இடம்."

வெயிலில் கிழவிக்கு என்னமோ ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு ஆட்கள் ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். நிட்ஸா குனிந்து பார்த்தாள். அவளுடைய இரண்டு கால்களும் அந்தத் தரையின் நடுவில்தான் இருந்தன. காலைத் தூக்கி வைத்துப் பாதைக்கு வந்தாள். அங்கே ஒருவர் நிற்கத்தான் அகலம் இருந்தது. ஃப்ரூமா உடம்பை ஒடுக்கிக்கொண்டு மகளுக்கு இடம் விட்டாள்.