பூ மட்டும்தான் சார்

நான் சொல்லப்போவதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. வேண்டுமானால் மலைக்கோட்டைக்கு வந்து உச்சிப்பிள்ளையார் சந்நிதியில் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்யத் தயார். முழங்கால் ஒத்துழைக்காததால் படிக்குக் கீழே நின்றே செய்வேன். பிள்ளையாருக்குக் காது பெரியது, கேட்டுக்கொள்வார். பெயர் அடைக்கலம். தலை நரைக்கும்வரை பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவன். அங்கே ஒரு டீசல் இன்ஜினைக் குளிர்ந்த தண்ணீரில் கழுவியபோது அது தும்மியதை என் கண்ணால் பார்த்தேன். நம்ப மாட்டார்கள் என்பதற்காக இதுவரை அதை யாரிடமும் சொன்னதில்லை. அப்படிப்பட்ட அடக்கமான ஆள் நான்.

காவிரிப் பாலத்து ஏற்றத்தில் எங்கள் புது பிக்கப்பை ஒரு கீரைக்காரம்மா மொபெட்டில் முந்திப் போனார். முந்தியதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. வேகத்தைக் குறைத்து, பக்கத்தில் வந்து, வண்டி ஓட்டிக்கொண்டிருந்த என் அண்ணன் மகன் இளவரசனுக்கு ஆறுதலும் சொன்னார்.

“அவசரம் ஒண்ணும் இல்ல தம்பி. மெதுவாவே வாங்க.”

இளவரசன் ஸ்ரீரங்கம் வந்து சேரும்வரை ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டே வந்தான். பின்னால் வாழைத்தார் ஆளுயரத்துக்கு ஏறியிருந்தது. வண்டியின் ஆர்.சி. புத்தகத்தில் எழுதியிருக்கும் எடையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்த ரோட்டில் ஓடுகிற எல்லா வண்டியும் அப்படித்தான் ஓடுகிறது. ஆனால் எங்கள் வண்டி மட்டும் மேட்டைக் கண்டால் பெருமூச்சு விட்டது. போட்டிக்கு வாழை ஏற்றும் கலையரசன், எங்களைவிட வயதான வண்டியை வைத்துக்கொண்டு, தாண்டிப் போகும்போதெல்லாம் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி டாட்டா காட்டுவான்.

இளவரசன் திருவெறும்பூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தக் கூலிக்கு ஷிப்டு பார்த்தவன். அதை விட்டுவிட்டு வண்டி எடுக்கச் சொன்னது அவன் மனைவி பிரேமலதா. வாழை வியாபாரம் அவளுடைய யோசனை, தோட்டக்காரர்களிடம் பேசுவது அவள், கணக்கு அவள். வண்டி தோற்றால் அவன் மறுபடியும் தொழிற்சாலை வாசலில் போய் நிற்க வேண்டும். அவளுக்கு அது பிடிக்காது என்பதைவிட, அப்படி நின்றால் ஏன் என்று கேட்க அவளுடைய அண்ணன்கள் திண்டுக்கல்லிலிருந்து கிளம்பி வந்துவிடுவார்கள் என்பதுதான் அவளுக்குப் பெரிய பயம்.

பால்பண்ணை பஸ் ஸ்டாப் பக்கத்தில் மெக்கானிக் கலீல் இருக்கிறான். இன்ஜின் கம்ப்யூட்டரில் ஒரு சின்னப் பெட்டியைச் செருகிவிட்டால் வண்டி பறக்கும் என்றான். கலையரசன் வண்டிக்கு அவன்தான் செய்து கொடுத்தானாம். பிரேமலதா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்: வாரண்டி. வெளியாள் கைவைத்தால் வாரண்டி போய்விடும். மற்றவர்கள் சஷ்டிக்கு விரதம் இருப்பதுபோல அவள் வாரண்டிக்கு இருந்தாள். டயருக்குக் காற்று அடிப்பதற்குக்கூட சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டு அனுமதி கேட்பாள். வண்டியின் பானெட்டை நான் ஒரு தடவை சும்மா திறந்து பார்த்ததற்கு, “மாமா, மூச்சு படாம பாருங்க” என்றாள்.

இந்த நிலையில்தான் கம்பெனியே கூப்பிட்டது. இன்ஜினுக்குப் புது ட்யூனிங், கம்பெனி இன்ஜினியரே போட்டுத் தருவார், வாரண்டிக்கு ஒன்றும் ஆகாது, புத்தகத்தில் முத்திரையே குத்தித் தருவோம் என்றார்கள். பிரேமலதா மூன்று பேரையும் நாள் பார்த்துக் கிளப்பினாள். மூன்றாவது ஆள் நான். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் இறங்கச் சொல்லிவிடுவார்கள் என்று நானும் சொல்லவில்லை.

இன்ஜினியர் பெயர் ஜெபராஜ். மடிப்புக் கலையாத சட்டை. ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு ஒயரைச் செருகி, மடிக்கணினியைத் தொடையில் வைத்துக்கொண்டு, டாக்டர் மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டார். எந்த ரோடு, எவ்வளவு தூரம், ஏசி உண்டா. கடைசியாகக் கேட்டார், “என்ன லோடு சார் ஏத்துவீங்க?”

இளவரசனுக்கு முகம் வெளுத்துவிட்டது. உண்மையைச் சொன்னால் அளவுக்கு மேலே ஏற்றுகிறான் என்று தெரிந்துவிடும். வாரண்டி அங்கேயே முடிந்துவிடும். பிரேமலதாவைப் பார்த்தான். அவள் கூரையைப் பார்த்தாள்.

“பூ சார்” என்றான். “பூ மட்டும்தான் சார்.”

நான் உதவி செய்யலாம் என்று, “மல்லிகை. அதுவும் மொட்டு” என்றேன்.

ஜெபராஜ் சிரிக்கவில்லை. நான் சொன்னதையும் சேர்த்துத் தட்டினார். கொஞ்ச நேரத்தில் இன்ஜினை முடுக்கினார். அதுவரை இருமிக்கொண்டிருந்த வண்டி, பூவுக்குள் நுழைந்த வண்டு மாதிரி மெல்லிசாக ரீங்காரம் போட்டது. முத்திரை குத்திய புத்தகத்தை பிரேமலதா இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் வெறும் வண்டியாக ஓட்டிப் பார்த்தோம். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இளவரசன் ஹாரன் அடித்தான். அந்தச் சத்தம் எங்களை ராஜகோபுரத்துக்குப் பக்கத்தில்தான் வந்து பிடித்தது. இறங்கிப் பார்த்தால் என் நிழலைக் காணோம். திரும்பி வரும்போது தேடிக்கொண்டே வந்தோம். மாம்பழச் சாலையில் ஒரு இளநீர்க்காரர் அதில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வெயிலுக்கு ஆச்சு, இருந்துட்டுப் போகட்டுமே என்றார். எனக்கும் அது பெரிதாக உபயோகப்பட்டதில்லை என்றாலும், சொந்தப் பொருளாயிற்றே என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். பிரேமலதா முன் சீட்டில் உட்கார்ந்து வழிநெடுகச் சிரித்துக்கொண்டே வந்தாள். எதற்குச் சிரிக்கிறாய் என்று இளவரசன் கேட்டான். கீரைக்காரம்மாவைப் பார்க்க மாட்டோமா என்றிருக்கு என்றாள்.

அந்த வாரமே பெரிய ஆர்டர் வந்தது. ஸ்ரீரங்கத்தில் கல்யாண மண்டபம் வைத்திருக்கும் ரெங்கம்மாள், குலை தள்ளிய வாழை மரம், தார், இலைக்கட்டு எல்லாம் ஒரே லோடில் வேண்டும் என்றார். முகூர்த்தத்துக்கு முன்னால் வாசலில் மரம் நின்றால், இனி அந்த மண்டபத்துக்கு வருஷம் முழுக்க வாழை எங்களுடையது. நிற்காவிட்டால் கலையரசனுடையது. அவனையும் ஒரு லோடு கொண்டுவரச் சொல்லி வைத்திருந்தார். அவர் மண்டபம் நடத்துகிற விதம் அது. சமையலுக்குக்கூட ஒரு ஆளை நம்பி அடுப்பு மூட்ட மாட்டார்.

முகூர்த்த நாள் விடிய ஜீயபுரம் தாண்டி ஒரு தோட்டத்தில் லோடு ஏற்றினோம். மரம், தார், இலை என்று வண்டி ஒரு சின்னத் தோப்பு மாதிரி ஆகிவிட்டது. இளவரசன் சாமி கும்பிட்டுச் சாவியைத் திருப்பினான். இன்ஜின் பிரமாதமாக ரீங்காரம் போட்டது. கியர் விழுந்தது. வண்டி நகரவில்லை.

மேடு இல்லை, சேறு இல்லை, பிரேக் போடவில்லை. தார் ரோட்டில் நின்றுகொண்டு பாடிக்கொண்டிருந்தது. பிரேமலதா ஜெபராஜுக்குப் போன் போட்டாள். அவர் அங்கிருந்தே ஏதோ பார்த்துவிட்டு, இன்ஜினில் ஒரு குறையும் இல்லை என்றார்.

“பூ ஏத்தியிருக்கீங்களா மேடம்?”

“ஏத்திக்கிட்டே இருக்கோம் சார்.”

“ஏத்துங்க. போகும். கம்பெனி அதுக்குன்னு சொல்லிக் கொடுத்த வண்டி மேடம், வேற எதையும் தொடாது.”

உண்மையை ஒப்புக்கொள்ளலாம், அவர் வந்து மாற்றித் தருவார் என்றான் இளவரசன். ஒப்புக்கொண்டால் வாரண்டி போச்சு, மாற்றி முடிப்பதற்குள் முகூர்த்தமும் போச்சு என்றாள் அவள். அப்போதுதான் கலையரசனின் வண்டி எங்களைத் தாண்டியது. வழக்கம்போல டாட்டா காட்டினான். இந்தத் தடவை நின்று, தலையை நீட்டி, “என்ன மச்சான், மரத்தை இங்கேயே நட்டுட்டியா?” என்று விசாரித்துவிட்டுப் போனான்.

இளவரசன் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டான். “நாளைக்கு சூப்பர்வைசரைப் பார்த்துட்டு வரேன்” என்றான். தொழிற்சாலையைத்தான் சொன்னான். பிரேமலதா அவனைத் திட்டவில்லை. அவள் திட்டாத நாளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அவள் தன் தலையிலிருந்த முழம் பூவை எடுத்தாள். கொஞ்ச நேரம் அதைப் பார்த்தாள். பிறகு போய் வண்டியின் பின்கதவில் மாட்டினாள்.

வண்டி ஒரு முழம் நகர்ந்தது.

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பூவை எடுத்தாள், நின்றது. மாட்டினாள், இன்னொரு முழம். முழத்துக்கு முழம். கம்பெனிக்காரன் கணக்கு கணக்குதான். ஸ்ரீரங்கம்வரை போக எவ்வளவு பூ வேண்டும் என்று நான் மனசுக்குள் போட்டுப் பார்த்தேன். சாத்தார வீதிப் பூ மார்க்கெட்டையே இங்கே தூக்கி வர வேண்டும்.

மார்க்கெட்டே நடந்து வந்தது. கொஞ்ச தூரத்தில் ஒரு ஷேர் ஆட்டோ பழுதாகி நின்றிருக்கிறது. அதிலிருந்து இறங்கிய பெண்கள் தலையில் மல்லிகை மூட்டையோடு ரோட்டோரமாக வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் வந்தவர் பொன்னுத்தாய், மல்லித் தோட்டத்தில் பறிக்கிற கூட்டத்துக்குத் தலைவி. ஸ்ரீரங்கம் மார்க்கெட்டுக்கு நேரமாகிவிட்டது, ஏற்றிக்கொள்வீர்களா என்று கேட்டார். இடம் எங்கே என்று இளவரசன் வாயெடுத்தான். பிரேமலதா அதற்குள் முதல் மூட்டையை வாங்கித் தார்மேல் வைத்துவிட்டாள்.

“ஏறுங்க அக்கா. எல்லாரும் ஏறுங்க. மூட்டையை மட்டும் கீழ விட்டுடாதீங்க.”

வாழை மேல் மல்லிகை, மல்லிகை மேல் பெண்கள், பெண்களுக்கு மேல் அவர்களுடைய சாப்பாட்டுத் தூக்குகள். இடம் போதாமல் என்னை இலைக்கட்டுக்குள் செருகினார்கள். இளவரசன் ஆக்சிலேட்டரை மிதிக்கவில்லை. மிதிக்கலாமா என்று நினைத்தான், அவ்வளவுதான்.

குடமுருட்டிப் பாலத்தை நான் பார்க்கவில்லை. ஆற்று வாசனையை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். கலையரசனின் வண்டியைத் தாண்டியபோது எழுந்த காற்றில் அவன் லோடிலிருந்த பச்சைத் தார் முழுக்கத் தோல் உரிந்துவிட்டது. டாட்டா காட்ட நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. என் தலைக்கு மேலே பொன்னுத்தாய் குரல் கேட்டது: “தம்பி, கொஞ்சம் மெதுவா போங்க, மொட்டெல்லாம் ஊருக்கு முன்னாடியே மலர்ந்துடும் போலிருக்கு.” மற்ற பெண்களெல்லாம் கூடவே, “மெதுவா போகாதீங்க, மெதுவா போகாதீங்க” என்று கத்திச் சிரித்தார்கள். காவிரிப் பாலத்து ஏற்றத்தில் வண்டி ஏறவே இல்லை. மேடு தானாகத் தாழ்ந்து கொடுத்தது. கீரைக்காரம்மா அங்கே இருந்தார். பிரேமலதா ஜன்னலில் தலையை நீட்டி, “அவசரம் ஒண்ணும் இல்லக்கா” என்று சொல்லி முடிப்பதற்குள் அம்மா மண்டபம் படித்துறை வந்துவிட்டது.

கல்யாண மண்டபத்து வாசலில் போய் நின்றோம். முகூர்த்தத்துக்கு நேரமிருக்கிறதா என்று இளவரசன் ஓடிப்போய்க் கேட்டான். ரெங்கம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தார். இன்னும் மாப்பிள்ளை அழைப்பே ஆரம்பிக்கவில்லை என்றார்.

முதல் நாள் சாயங்காலத்துக்கே வந்துவிட்டோம். நான் எதையும் கூட்டிச் சொல்கிறவன் இல்லை, நடந்தது அதுதான். அவசரமில்லாமல் மரத்தைக் கட்டினோம். பொன்னுத்தாய் மார்க்கெட்டுக்குப் போகவில்லை. பூ முழுவதையும் பெண்வீட்டார் அங்கேயே வாங்கிக்கொண்டார்கள். மறுநாள் பறிக்கப்போகிற மல்லிகை முதல் நாளே கிடைத்தால் யார் விடுவார்கள். எல்லாருக்கும் இலை போட்டார்கள். போண்டா, கேசரி, காப்பி. நான் இரண்டு தடவை உட்கார்ந்தேன். கேசரியில் முந்திரி நிறைய இருந்தது, அதற்கு மட்டும் சாட்சி கேட்டால் கொஞ்சம் சிரமம்.

ரெங்கம்மாள் பிரேமலதாவைக் கூப்பிட்டு, வருஷம் முழுக்க இனி நீதான் என்றார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அவளுக்குப் பேச்சு வராத இரண்டாவது சந்தர்ப்பம் அது, ஒரே நாளில். ஒரே நாள்தானா என்று கேட்காதீர்கள், அந்தக் கணக்கு எனக்கே பிடிபடவில்லை.

மறுநாள் காலை கலையரசன் உரித்த வாழைப்பழ லோடோடு வந்து சேர்ந்தான். வாசலில் எங்கள் மரம் நின்றது. யாரிடம் ட்யூனிங் போட்டீர்கள் என்று பணிவாகக் கேட்டான். இளவரசன் ஒளிக்காமல் சொன்னான். கலையரசன் நேராகப் போய், கலீல் செருகிய பெட்டியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, ஜெபராஜ் முன்னால் உட்கார்ந்திருக்கிறான். என்ன லோடு என்று கேட்டதற்கு, எங்களை மிஞ்ச வேண்டும் என்ற வேகத்தில், “பஞ்சு சார்” என்று சொல்லியிருக்கிறான். இப்போது வண்டியை நிறுத்தும்போதெல்லாம் நான்கு மூலையிலும் கயிறு போட்டு மரத்தில் கட்டுகிறான். காற்று கொஞ்சம் பலமாக அடித்த அன்று அவன் திருவானைக்காவல் கோபுர உயரத்தில் சுற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். கீழே இருந்து நான்தான் டாட்டா காட்டினேன்.

மண்டபத்திலிருந்து கிளம்பியபோது பிரேமலதா பெண்வீட்டார் கொடுத்த மல்லிகைச் சரத்தை முன் கண்ணாடிக்கு மேலே நீளமாகக் கட்டினாள். பாலத்தின் நடுவில் இளவரசன் வண்டியை மெதுவாக விட்டான். காவிரியில் தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. காற்றில் அந்தச் சரம் எழுந்து எழுந்து கண்ணாடியைத் தட்டியது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

இத்தனையும் ஓடிய அந்த பிக்கப்புக்கு போன வெள்ளிக்கிழமைதான் புக்கிங் போட்டிருக்கிறோம். வண்டி ஆவணியில் வரும் என்று ஷோரூமில் சொல்லியிருக்கிறார்கள்.