நேற்று என்ன செய்தீர்கள்

பியசேன மாவைத் தட்டிக்கொண்டே சொன்னான்:

"மாத்தயா வந்தது. நோனா வந்தது. மாடும் வந்தது."

தில்லைநாதன் கொப்பியிலிருந்து தலையை நிமிர்த்தினார். "ஐயா வந்தார். அம்மா வந்தா. மாடு வந்தது. எத்தினை தரம் சொல்லிப்போட்டன்?"

"வாற வேலை ஒண்டுதானே மாத்தயா. யாரு வந்தா என்ன?"

கிளிநொச்சியில் பேக்கரி போட்டு ஆறு வருடமாகியும் அவன் தமிழ் அதற்குமேல் போகவில்லை. பின்னேரங்களில் தில்லைநாதன் அவனிடம் சிங்களம் படித்தார். பதிலுக்கு அவனுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தார். அவனுடைய சிங்களப் பேச்சில் யார் வந்தாலும் வினை ஒன்றுதான். அதனால் தமிழ் வினையின் வாலில் அவனுக்குக் கால் தடுக்கியது.

தில்லைநாதனுக்குத் தடுக்கியது இறந்தகாலம். தமிழில் பார்க்கிறேன், பார்த்தேன் என்று காலம் மாறினாலும் சொல்லின் முகம் மாறுவதில்லை. சிங்களத்தில் முகமே திரும்பிவிடுகிறது. பலனவா என்றால் பார்க்கிறது. பார்த்தாகிவிட்டால் பெலுவா. அந்தப் 'பெ'யும் சரியான 'பெ' அல்ல. தமிழில் எழுத்தில்லாத ஓர் ஒலி. கொப்பியில் அதன் கீழே பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தார். தன் மொழியில் இல்லாத இடத்தில்தான் நாக்கு விழுகிறது என்பது நாற்பத்தாறு வயதில் அவருக்கு விளங்கியது. விளங்கியும் விழுந்துகொண்டுதான் இருந்தார்.

அரசாங்க வேலைக்குக் கட்டாயமான சிங்களப் பரீட்சையில் எழுத்தில் தேறி, வாய்மொழியில் இரண்டு முறை விழுந்தாயிற்று. மறுநாள் சனிக்கிழமை, வவுனியாவில் மூன்றாவது முறை. அதற்குப் பிறகு முறை இல்லை. தவறியவர்களைக் கந்தோர் வேலையை விட்டு நிறுத்திவிடும். வீட்டில் அவருடைய மூன்று பெண்பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று பிற்பகல் மூன்று மணிக்கு, கந்தோர் மேசைக்குத் தந்தி வந்திருந்தது. சாவகச்சேரியில் அண்ணர் கனகலிங்கம் காலையில் காலமானார். தகனம் நாளை. தகப்பன் இல்லாத வீட்டில் தில்லைநாதனைப் படிப்பித்தவர் அவர்தான்.

சாவகச்சேரி வடக்கே, வவுனியா தெற்கே. வீட்டில் சொன்னால் துடக்கு, இழவுத் தீட்டோடு பரீட்சைக்குப் போக விடமாட்டார்கள். மனைவி அருந்ததி உடனே சாவகச்சேரிக்குப் பை கட்டிவிடுவாள். தில்லைநாதன் தந்தியை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். நாலரைக்கு வழக்கம்போலப் பேக்கரிக்கு வந்தார்.

இரவு அருந்ததி மீன்குழம்பு வைத்திருந்தாள். இழவுக்காரன் மீன் தின்னக் கூடாது. தின்றார். உப்புச் சற்றுக் குறைவு என்று பட்டது.

"நாளைக்கு எல்லாம் வாயில வருமோ?" என்று அவள் கேட்டாள்.

"வரும்."

வவுனியாவில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் இரண்டு பேர் மேசைக்குப் பின்னால் இருந்தார்கள். ஒருவர் கண்ணாடி போட்டவர். அவர்தான் சிங்களத்தில் கேட்டார்.

"நேற்று என்ன செய்தீர்கள்?"

"நேற்று ஐந்து மணிக்கு எழும்பினேன். கந்தோருக்குப் போனேன்." தன் குரல் அடுத்த அறையிலிருந்து வருவதுபோல அவருக்குக் கேட்டது. "மூன்று மணிக்குத் தந்தி வந்தது. என் அண்ணா இறந்தார்."

ஒரு வினையும் பிசகவில்லை. எழுத்தில்லாத அந்த ஒலியும் 'இறந்தார்' என்ற சிங்களச் சொல்லில் சரியாக வந்து விழுந்தது.

கண்ணாடிக்காரர் மற்றவர் பக்கம் திரும்பினார். "காலையிலிருந்து வந்தவர்களில் இவரோடு நாலு பேருக்கு வீட்டில் ஆட்கள் செத்துவிட்டார்கள். இலேசான வினை என்று யாரோ சொல்லிக்கொடுத்து அனுப்புகிறார்கள் போல."

மற்றவர் சிரித்தார். தில்லைநாதனுக்கு அந்தச் சிங்களப் பேச்சு முழுவதும் விளங்கியது. இவ்வளவு நாளில் இப்படி ஒரு வாக்கியமும் அவருக்கு விளங்கியதில்லை.

"அண்ணா என்ன வேலை செய்தார்?"

"நெல் விதைத்தார். வெட்டினார். என்னைப் படிப்பித்தார்."

"நல்லது. போகலாம்." தாளில் சரி போடும் சத்தம் கேட்டது.

வீட்டுப் படலையைத் திறந்தபோது ஐந்து மணி கடந்திருந்தது. சாவகச்சேரியில் எல்லாம் முடிந்திருக்கும். அருந்ததி குசினி வாசலுக்கு வந்தாள்.

"இஞ்சருங்கோ, என்ன கேட்டவை?"

"நேத்து என்ன செய்தனீர் எண்டு கேட்டவை."

"அவ்வளவுதானோ! சொன்னனீங்களோ?"

"ஓம்."

"பிழை விடாமலோ?"

"பிழை விடேல்லை. பாஸ்தான் போலக் கிடக்கு."

அவள் முகம் மலர்ந்தது. இனி அண்ணரின் சாவைச் சொல்ல வேண்டும். தமிழில் இரண்டு சொல். அவர் அவளைத் தாண்டிக் கிணற்றடிக்குப் போனார். வாளியைப் போட்டு இழுத்தார். சட்டையோடும் வேட்டியோடும் தலையில் ஊற்றினார். மறுபடி இழுத்து ஊற்றினார்.

இழவுச் செய்தி கேட்டவர்கள்தான் அப்படி முழுகுவார்கள். அருந்ததியின் கையிலிருந்த அகப்பை சாய்ந்து, சொதி படியில் சொட்டியது.

"ஆர்?" என்றாள்.

அவர் மூன்றாவது முறை வாளியை விட்டிருந்தார். அந்த வருடம் மாரி மழை பொய்த்திருந்தது. தண்ணீர் வெகு ஆழத்தில் கிடந்தது. கயிறு அவர் கைக்குள்ளால் ஓடிக்கொண்டேயிருந்தது.