பத்தடி தூரம்

கண்ணாடிக் கடைக்காரருக்கு மனைவி இறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. வீட்டில் பேச ஆளில்லாமல், டிவியில் செய்தி வாசிக்கிற பெண்ணுக்கெல்லாம் பதில் சொல்லத் தொடங்கியிருந்தார். மகள்தான் பொறுக்கமாட்டாமல், "பத்து நாள் கடற்கரைப் பக்கம் எங்கயாவது போயிட்டு வாங்கப்பா" என்று விரட்டிவிட்டாள்.

விடுதி கடலுக்கு எதிரே இருந்தது. இரண்டு மாடி, எட்டு அறை. சீசன் முடிந்துபோனதால் தங்கியிருந்தது அவர் ஒருவர்தான். ஜன்னலில் உப்பு படிந்து, புரை விழுந்த கண்ணுக்குத் தெரிவதுபோல் கடல் மங்கலாகத் தெரிந்தது. முதல் நாளே வெந்நீர் வரவில்லை. கீழே போய் விடுதிக்காரரிடம் சொன்னார்.

"சமையக்கட்டுல அவ இருப்பா. பாய்லர் ஸ்விட்சைப் போடச் சொல்லுங்க சார்."

சமையலறை பத்தடி தூரம். கதவும் திறந்தே கிடந்தது. அந்த அம்மாவின் காதில் விழாமல் இருந்திருக்காது. ஆனாலும் இவர் போய்ச் சொன்ன பிறகுதான் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"போட்டாச்சுன்னு அவர்கிட்ட சொல்லிடுங்க."

நல்ல உபசரிப்புதான், தங்க வந்தவனுக்கு ஏவல் வேலையா என்று நினைத்துக்கொண்டார். மறுநாளும் அதே கதை. மூன்றாம் நம்பர் மெத்தை வெயிலில் காய்கிறதா, பம்பு வெகுநேரமாக ஓடுகிறதே, சாப்பாடு ஆறுகிறதே. மூன்றாம் நாள் அவருக்கு விளங்கிவிட்டது. புருஷனும் பெண்டாட்டியும் நேருக்கு நேர் பேசுவதே இல்லை. தங்க வருகிறவர்கள் வழியாகத்தான் எல்லாப் பேச்சும்.

அவருக்கு அது பிடித்துப்போனதுதான் வேடிக்கை. ஏழு மாதத்துக்குப் பிறகு, அவர் வாயிலிருந்து வரும் சொல்லுக்காக இரண்டு பேர் காத்திருந்தார்கள். "அவர் மாத்திரை போட்டாரான்னு கேளுங்க" என்பாள் அந்த அம்மா. "போட்டாச்சுன்னு சொல்லுங்க. அப்படியே அவ சாப்பிட்டாளான்னும் கேட்டுட்டு வாங்க" என்பார் விடுதிக்காரர். அக்கறைக்கு ஒன்றும் குறைச்சலில்லை. பிறகு எதற்கு இந்த வீம்பு? தன் மனைவி திரும்பி வந்து நாலு வசவு வைதால்கூடப் போதும் என்று ஏங்குகிறவருக்கு, இவர்களைப் பார்க்கப் பார்க்க எரிச்சல் வந்தது.

ஆறாம் நாள், துவைத்த படுக்கைவிரிப்பைப் பிழிய மறுமுனையைப் பிடித்துக் கொடுத்தபோது அந்த அம்மாவே சொன்னாள். ஒரே மகன். தங்க வருகிறவர்களைக் கடலில் சுற்றிக்காட்ட ஒரு சின்னப் படகு வைத்திருந்தான். காற்று சரியில்லாத ஒரு நாளில், ஊருக்குக் கிளம்பவிருந்த ஒருவர் படகில் போயே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். அப்பா வேண்டாம் என்றார். "ஆசைப்படுறாரு பாவம், ஒரு சுத்து சுத்திக் காட்டிட்டு வாடா" என்றாள் அம்மா. அந்த ஆள் ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டு கரை சேர்ந்துவிட்டார். மகன் வரவில்லை.

"'உன் வாய்தான்டி அவனை அனுப்பிச்சது'ன்னாரு. நெசம்தானே சார்? அதான் அவர்கிட்ட வாயைத் திறக்கிறதில்லை. ஒம்பது வருஷம் ஆச்சு."

அவர் பிழிந்த துணியையே மறுபடி பிழிந்துகொண்டிருந்தார்.

கிளம்பும் நாள் காலை விடுதிக்காரர் பெட்டியை வாசல்வரை தூக்கிவந்து வைத்தார். வைத்தவர் அங்கேயே நின்றார்.

"சார், அவகிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

"அன்னைக்கு வயித்தெரிச்சல்ல ஏதோ சொல்லிட்டேன். அவ மேல தப்பே இல்லை. நான் பெத்தவன், நான்ல கையைப் பிடிச்சு நிறுத்தியிருக்கணும். அப்படின்னு சொல்லிடுங்க."

பத்து நாளாகத் துண்டுக்கும் சோப்புக்கும் நடையாய் நடந்தவருக்கு, அந்த நேரம் பார்த்துப் பெரிய மனுஷத்தனம் வந்து தொலைத்தது.

"இதை நான் சொல்லக் கூடாதுங்க. உங்க வாயால கேட்டாத்தான் அவங்க மனசு ஆறும். இந்தா இருக்கு சமையக்கட்டு. போய்ச் சொல்லுங்க" என்று தோளில் தட்டிக்கொடுத்தார். விடுதிக்காரர் சரியென்று தலையாட்டினார். ஒரு குடும்பத்தைச் சேர்த்துவைத்த மிதப்பில் இவர் பஸ் ஏறினார். ஊருக்குப் போய் மகளிடமும் அளந்துவிட்டார்.

அடுத்த சீசன் தொடங்கியதும் யாரும் விரட்டாமலே கிளம்பி வந்தார். விடுதிக்காரர்தான் சாவியை எடுத்துக் கொடுத்தார். சமையலறையில் வேறொரு பெண் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மா எங்கங்க?"

"போயிட்டா சார். மழைக்காலத்துல. ரெண்டு நாள்தான் படுத்தா. நான் பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருந்தேன்."

கேட்கப் பயமாக இருந்தது. கேட்காமலும் இருக்க முடியவில்லை.

"அன்னைக்கு நான் கிளம்பினப்புறம்... அவங்ககிட்ட சொல்லிட்டீங்கல்ல?"

விடுதிக்காரர் சமையலறைப் பக்கம் திரும்பினார்.

"நீங்க போனப்புறம் யாருமே தங்க வரலையே சார்" என்றார்.