துண்டுக்கு வெளியே

மாட்டின் வாயைத் திறக்க உத்திராபதிக்கு இரண்டு விரல் போதும். மூக்கணாங்கயிற்றை ஒரு கையில் பிடித்து, மறு கையால் கீழுதட்டை விலக்கினால் எந்த முரட்டுக் காளையும் தன் வயதைத் தானே ஒப்புக்கொண்டுவிடும். இரண்டு பல், நாலு பல், ஆறு பல், எட்டும் முளைத்துக் கடை சேர்ந்தது. சொந்தக்காரன் சொல்கிற வயது ஒன்று, பல் சொல்கிற வயது ஒன்று. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான் மாட்டுத் தரகன் குடும்பம் நடத்துகிறான். முப்பது வருடமாகச் சந்தை சந்தையாக அலைந்து எத்தனையோ ஆயிரம் வாய்களைப் படித்த மனிதர், இன்று அண்ணாமலை நகர் பல் ஆஸ்பத்திரியில் சாய்வு நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, கூடப் பிறந்தவனின் வாயை ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை என்று நினைத்துக்கொண்டார். நினைப்பில் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை. விற்கிற மாட்டின் வாயைத்தான் யாரும் பார்ப்பார்கள்.

நாற்காலியில் இருந்தது தம்பி அறிவழகன். வயது நாற்பத்தொன்று. பேச்சு வராது, ஆள் வளர்ந்த அளவுக்கு உள்ளே வளரவில்லை என்று சின்ன வயதிலேயே சொல்லிவிட்டார்கள். அப்பா கட்சி வேகத்தில் வைத்த பெயரைக் கேட்டுச் சிரித்தவர்களுக்கு உத்திராபதி அதற்கப்புறம் நல்ல மாடாகக் காட்டியதில்லை. அப்பா அம்மா போன பிறகு மேல்பட்டாம்பாக்கம் வீட்டில் அண்ணனோடும் அண்ணி சந்திரலேகாவோடும்தான் இருப்பு. வருடத்தில் எட்டு மாதம் இருக்கிற இடம் தெரியாமல் வீட்டோடு கிடப்பான். கரும்பு வெட்டு தொடங்கியதும் ஆலைக்குப் போகிற டிராக்டர்களை எதிர்பார்த்து ரோட்டோரம் போய் நின்றுவிடுவான். தெரிந்த டிரைவர்கள் வேகத்தைக் குறைத்து ஒரு கழியை உருவிப் போடுவார்கள். அதைப் பல்லாலேயே உரித்து, அடியிலிருந்து நுனி வரை ஒரு கணுவையும் விடாமல் கடித்து, சக்கையைக் காலடியில் குவித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவான். கடவுள் அவனுக்குக் கொடுத்தது ஒரே ஒரு பண்டிகை, ஆனால் நாலு மாதத்துக்குக் கொடுத்திருக்கிறார் என்று சந்திரலேகா சொல்வாள்.

இந்த வருடம் தை கடைசியில் அவன் கரும்பைக் கையில் வைத்துக்கொண்டு கடிக்காமல் நின்றான். பிறகு கன்னத்தில் தானே அறைந்துகொள்ள ஆரம்பித்தான். பயந்த கோளாறு என்று ஒருவர் வேப்பிலை அடித்துவிட்டுப் போனார். சூடு என்று ஒருவர் நன்னாரி கொடுத்தார். மூன்றாம் நாள் சோறும் இறங்காமல், இடது கன்னம் பன்னு மாதிரி வீங்கியபோதுதான் இது பல் என்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது.

டாக்டர் வித்யாலட்சுமி சிதம்பரத்துப் பெண். முப்பத்தைந்து இருக்கும். அவசரமே படாமல் முதலில் தன் பல்லைக் காட்டினாள், பிறகு கண்ணாடியை அவன் கையில் கொடுத்து விளையாட விட்டாள், கடைசியில் அரை நிமிடம் அவன் வாய்க்குள் பார்த்தாள். சந்தையில் இவளுக்கு நல்ல எதிர்காலம் உண்டு என்று உத்திராபதிக்குப் பட்டது. பார்த்துவிட்டு அவள் சொன்னது இதுதான்: மூன்று பல் சொத்தை முற்றி வேர் வரை போய்விட்டது, எடுத்தே ஆகவேண்டும். ஏழெட்டுப் பல்லை அடைத்துக் காப்பாற்றலாம். எதுவாக இருந்தாலும் முழு மயக்கம் கொடுத்துத்தான் செய்ய முடியும். காப்பாற்றிய பல்லுக்குத் தினம் இரண்டு வேளை யாராவது துலக்கிவிட வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை இங்கே அழைத்து வரவேண்டும்.

உத்திராபதி வீட்டிலிருந்து கிளம்பும்போதே ஒரு முடிவோடுதான் வந்திருந்தார்.

"டாக்டரம்மா, சில்லறையா பேசுனா ரெண்டு பேருக்கும் அலைச்சல். மயக்கம் எப்படியும் குடுக்கறீங்க. அதோட மொத்தத்தையும் எடுத்து வுட்டுடுங்க. வலியும் இல்ல, வெளக்கறதும் இல்ல, ஒங்களுக்கும் எங்க தொல்லை இல்ல."

"அப்புறம் என்ன சாப்பிடுவார்?"

"கஞ்சி, கொழைய வடிச்ச சோறு. எங்கப்பா கடைசில பத்து வருசம் அதுல ஓட்டுனாரு."

"உங்கப்பா எண்பதுல ஓட்டியிருப்பார். இவருக்கு நாற்பத்தொண்ணு. பல்செட்டு வச்சாலும் இவர் வச்சுக்க மாட்டார்."

உத்திராபதி சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்தார். அதற்குள் இருந்தது கடலூர் கலெக்டர் ஆபீஸில் ஐந்து நடை நடந்து வாங்கிய காப்பாளர் சான்று. பதினெட்டு வயது தாண்டியவனுக்கு அண்ணன் என்பதாலேயே கையெழுத்துப் போட முடியாது என்று போன வருடம் யாரோ சொல்லப்போக, எதற்கும் இருக்கட்டும் என்று எழுதி வாங்கி வைத்திருந்தது. அதை மேசைமேல், நல்ல ஜாதி மாட்டை இழுத்து வந்து நிறுத்துகிற தோரணையில் வைத்தார். அவள் எழுத்து எழுத்தாகப் படித்தாள்.

"கையெழுத்து உங்களோடதுதான் சார். அதுல சந்தேகமே இல்ல. ஆனா போடறதுக்கு முன்னாடி அவரையும் கேக்கணும்."

"அவனயா?"

"அவருக்கு ஒண்ணு வேணாம்னா எப்படிச் சொல்லுவார்?"

யாராவது விலை கேட்டால் மூச்சு விடுவதற்குள் மூன்று பதில் சொல்கிற உத்திராபதிக்கு இதற்கு ஒன்றும் வரவில்லை. வேண்டும் என்றால் தெரியும்; கையை நீட்டுவான். வேண்டாம் என்று அவன் எப்போது சொன்னான், சொல்லும்படி யார் எப்போது விட்டார்கள் என்று யோசித்தால் நாற்பத்தொரு வருடமும் ஒரே மொட்டை வெயிலாகத் தெரிந்தது. வித்யாலட்சுமி வீக்கத்துக்கும் வலிக்கும் மாத்திரை எழுதினாள். சம்மதப் படிவத்தை நிரப்பி, எந்தெந்தப் பல் என்கிற கட்டத்தை மட்டும் காலியாக விட்டு, அடுத்த வாரம் வியாழக்கிழமை வரச் சொன்னாள். புவனகிரி வழியாகத் திரும்புகிற பஸ்ஸில் அறிவழகன் எப்போதும் போல அண்ணனின் ஆள்காட்டி விரலைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தான்.

சந்திரலேகா நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, கழுவிக்கொண்டிருந்த பாத்திரத்தை வைத்தாள். அவள் எதற்கும் குரலை உயர்த்துகிறவள் இல்லை.

"வாயில பிரஷ்ஷ வுட்டா கடிக்கறாரு. கடி வாங்கற கை என்னுது. அவர கேக்கணும்னு சொன்னாங்களே, என்னய கேக்கச் சொன்னாங்களா?"

பதினெட்டு வருடமாக அவனைக் குளிப்பாட்டி, ஊட்டி, ஈரத்துணி மாற்றுகிறவள் அவள். மொத்தமாக எடுத்துவிடலாம் என்று முதலில் சொன்னதும் அவள்தான். அதில் தப்பு என்று யார் சொல்ல முடியும்? சொன்னவளே கொஞ்ச நேரம் கழித்து, ரோட்டுப் பக்கம் டிராக்டர் சத்தம் கேட்டு அவன் எழுந்து ஓடியதைப் பார்த்துக்கொண்டு, "அவருக்கு அந்தக் கரும்பு ஒண்ணுதான்," என்று மட்டும் சொன்னாள்.

மாத்திரையில் வீக்கம் வடிந்தது. சனிக்கிழமை சந்தைக்கு வழக்கம்போல அவனையும் கூட்டிப்போனார். அவனுக்கு அங்கே ஒரு வேலை உண்டு: கயிற்றைப் பிடித்துக்கொண்டு அண்ணன் பக்கத்திலேயே நிற்பது. மாட்டு வியாபாரம் வாயால் நடப்பதில்லை. சுற்றி நிற்கிற கூட்டத்துக்கு விலை தெரியக்கூடாது. அதனால் தரகர் தோள் துண்டைக் கைமேல் போட்டு, அதற்குள் விற்கிறவனின் கையைப் பிடிப்பார். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, இரண்டைச் சேர்த்துப் பிடித்தால் இரண்டு, முழுக் கைக்கு ஐந்து. பிடிக்காத விலை என்றால் எதிராளி கையை உதறுவான். சரி என்றால் விரலோடு சேர்த்து இறுக்கிவிடுவான். வெளியே இருவர் முகமும் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்கள் மாதிரி இருக்கும். அப்படியே வாங்குகிறவனிடம் போய் அவன் கையைப் பிடிப்பார். இந்தத் துண்டில் கேட்டதை அந்தத் துண்டில் கூட்டியோ குறைத்தோ சொல்லலாம். கேட்பதற்கு ஆள் கிடையாது.

அன்றைக்கு வியாபாரம் ஓய்ந்த நேரத்தில், கூட்டுத் தரகர் மங்கலம் தன் துண்டுக்குள் அறிவழகன் கையை இழுத்துக்கொண்டு வேடிக்கை காட்டினார். எல்லா வாரமும் காட்டுகிற வேடிக்கைதான். "இன்னா மச்சான், ஒங்கண்ணன இன்னா வெலைக்குக் குடுக்கற?" என்று அவர் கேட்க, துண்டு அசைந்தது. மங்கலம் உத்திராபதியைப் பார்த்துச் சிரித்தார். "ஒதர்றான்யா. படியல. ஒன்னய ஜாஸ்தியாத்தான் மதிச்சி வச்சிருக்கறான்."

உத்திராபதி சிரிக்கவில்லை.

மறுநாள் மத்தியானம், மாட்டுக்கொட்டகை ஓரம் கிடந்த கயிற்றுக்கட்டிலில் தம்பியைப் பக்கத்தில் உட்காரவைத்துத் துண்டைப் போட்டார். தன் பல்லைத் தொட்டுக் காட்டினார், அவன் கன்னத்தைத் தொட்டார், பிடுங்குகிற மாதிரி சைகை செய்தார். நாற்பது வருடத்தில் தம்பியிடம் இவ்வளவு பொறுமையாக அவர் எதையும் சொன்னதில்லை. பிறகு துண்டுக்குள் கை முழுவதையும் பற்றினார். மொத்தமும்.

அறிவழகன் உதறினான்.

மூன்று விரலைச் சேர்த்துப் பிடித்தார். கொஞ்சம் தயங்கி, அதையும் உதறினான். பிறகு அவனாகவே அவர் ஆள்காட்டி விரலைத் தேடிப் பிடித்து இறுக்கினான். மறு கை இடது கன்னத்தில் இருந்தது.

உத்திராபதி லேசில் நம்புகிற ஆள் இல்லை. விரல் பிடிப்பது அவனுக்குப் பஸ்ஸில்கூட உள்ள பழக்கம். விளையாட்டாக இருக்கலாம். விளையாடுகிறவன் வரிசை மாறினால் தடுமாறுவான் என்று, மறுநாள் ஒன்றிலிருந்து தொடங்கினார். முதல் பிடியிலேயே இறுகியது. அதற்கடுத்த நாள் இரண்டு, ஐந்து, ஒன்று, மூன்று என்று கலைத்துப் போட்டார். ஒன்றுக்கு மட்டும் இறுக்கினான், மற்றதெல்லாம் உதறல். புரிந்து சொல்கிறானா, சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டதா என்பது அப்போதும் அவருக்குத் தெரியவில்லை. ஆனால் சந்தையில் இவ்வளவு உறுதியாக நிற்கிறவனிடம் அவர் மேற்கொண்டு வாதாடியதில்லை.

வியாழக்கிழமை வித்யாலட்சுமியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் சிரிக்கவில்லை, நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தாள். "எனக்கும் காட்டுங்க," என்றாள். அவர் துண்டைப் போட்டு, மொத்தம், மூன்று, ஒன்று என்று வரிசையாகப் பிடித்தார். துண்டு அசைந்தது, நின்றது.

"என்ன சொன்னார்?"

அந்த நொடியில் உத்திராபதிக்கு இந்த இடம் நன்றாகத் தெரிந்திருந்தது. முப்பது வருடமாக அவர் நிற்கிற இடம். மூன்று என்று சொன்னால் டாக்டருக்கு நிம்மதி. மொத்தம் என்று சொன்னால் சந்திரலேகாவின் கைக்கு நிம்மதி, அவருக்கே நிம்மதி. துண்டுக்குள் நடந்ததை இரண்டே பேர்தான் அறிவார்கள், அதில் ஒருவன் எங்கேயும் போய்ச் சொல்லமாட்டான். வசதியான எண் நாக்கு நுனிவரை வந்தது. கலெக்டர் ஆபீஸ் உறை சட்டைப்பையில் உறுத்தியது.

அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். தொழிலில் செய்யக்கூடாத காரியம். மங்கலம் பார்த்திருந்தால் அப்புறம் பக்கத்தில் நிற்க விடமாட்டார். திறந்த வெளிச்சத்தில், டாக்டர் கண்ணெதிரே, தம்பியின் கையை முழுதாகப் பிடித்தார். உதறினான். மூன்று. உதறினான். ஒரு விரல். அறிவழகன் டாக்டரைப் பார்த்துக்கொண்டே அதை இறுக்கிப் பிடித்தான்.

"ஒண்ணுங்கறான்," என்றார் உத்திராபதி. "நீங்க மூணுங்கறீங்க. நான் இன்னா செய்ய?"

வித்யாலட்சுமி அந்த விரலைப் பார்த்தாள். மற்ற இரண்டையும் இப்படியே விட்டால் அடுத்த தையில் திரும்பவும் இதே கன்னம் வீங்கும், அதையும் இவருக்கு எப்படியாவது சொல்லிப் பார்க்கவேண்டும் என்றாள். கையுறையைக் கழற்றினாள். உத்திராபதி பிடித்த மாதிரியே தன் கையை நீட்டினாள்.

அறிவழகன் அந்தக் கையைத் தொடவில்லை. எழுந்து அண்ணன் தோளிலிருந்து துண்டை உருவினான். நாற்காலியில் திரும்ப உட்கார்ந்து, அவள் கைமேலும் தன் கைமேலும் அதை விரித்துப் போட்டு, ஓரத்தை இழுத்துச் சரிசெய்தான். பிறகு உள்ளே கையை விட்டான்.

கட்டம் காலியாக இருந்த படிவம் மேசைமேல் மின்விசிறிக் காற்றில் படபடத்தது. உத்திராபதி அதன்மேல் பேனாவை வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். இரண்டு முகமும் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்கள் மாதிரி இருந்தன. துண்டு ஒருமுறை குலுங்கியது, அடங்கியது, மறுபடி மெல்ல அசைந்தது. உள்ளே எத்தனையில் நிற்கிறார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை.