ஐந்து கட்டங்களும் ஒரு வாயாடியும்

1.
இந்தக் கதை பிறந்தது என் மனைவி சிவப்பு மையில் போட்ட ஒரு தப்புக் குறியில். அவள் கணக்கு டீச்சர். சாப்பாட்டு மேஜையின் ஒரு முனையில் அவள் விடைத்தாள் திருத்துவாள், மறுமுனையில் நான் கதை எழுதுவேன்.

அன்று மழை விடாமல் பெய்துகொண்டிரு...

(எட்டிப் பார்த்துவிட்டாள். "மழை எங்கங்க பெஞ்சுது? வெயில் மண்டையைப் பிளந்துச்சு.")

2.
அவள் வகுப்பில் ஒரு பெண். பட்டப்பெயர் வாயாடி. கேள்வி கேட்டே உயிரை வாங்குவாள். அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் எவ்வளவு? ஐந்தில் இரண்டு என்று எழுதி, படமும் போட்டிருந்தாள்:

■□ + ■□□ = ■□■□□

டீச்சர் தப்புப் போட்டதோடு விட்டிருக்கலாம். "அரையோட இன்னும் கொஞ்சம் சேர்த்தா, அரையை விடக் குறையுமா? யோசிக்க மாட்டியா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாள். அன்றிலிருந்து வாயாடி வாயே திறக்கவில்லை.

(டீச்சரைக் கொடுமைக்காரி ஆக்கினால் கதை சூடுபிடிக்கும். எனக்கு மனசு வரவில்லை. அந்தப் பிள்ளை பேசமாட்டேன் என்கிறதே என்று, ஆறிப்போன தட்டில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தவள் அவள்.)

3.
திடீரென்று என் தாளைப் பிடுங்கி, பின்பக்கத்தில் கட்டம் போட்டாள்.

"ஐயோ, ஏங்க! இது என் படம்! அரைக்கு ரெண்டு கட்டப் பட்டை, மூணுல ஒண்ணுக்கு மூணு கட்டப் பட்டைன்னு போர்டுல நான்தானே போட்டேன்? அவ ரெண்டையும் ஒட்ட வச்சிருக்கா, அவ்வளவுதான். ரெண்டு பட்டையும் ஒரே நீளம் இருக்கணும்னு நான் சொல்லவே இல்லையே!"

படம் கைகொடுக்கும், சமயத்தில் காலையும் வாரிவிடும். உவமையும் அப்படித்தான். பட்டவன் சொல்கிறேன்.

4.
முடிவு, முதல் முயற்சி: டீச்சர் விளக்கினாள். வகுப்பே எழுந்து கைதட்...

("என் வகுப்புல என்னைக்குங்க கைதட்டியிருக்காங்க? அடிச்சிடுங்க.")

அடித்துவிட்டேன். நடந்ததையே சொல்கிறேன். மறுநாள் டீச்சர் வாயாடியின் படத்தைப் போர்டில் போட்டாள்.

"இந்தப் படம் நான் சொல்லிக்கொடுத்ததுதான். கோபப்பட்டது என் தப்பு. ஆனா இது நான் கேட்ட கணக்குக்கான படம் இல்ல. வேற எந்தக் கணக்குக்கு இது சரியா வரும்?"

சாக்பீஸை நீட்டினாள். ஒருவரும் அசையவில்லை.

இந்த இடத்தில் நிறுத்தினால் கலை என்பார்கள். ஆனால் சாயங்காலம் என் மனைவி செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடிவந்தாள்.

"பந்துங்க! வாயாடிதான் எழுந்தா! முதல்ல ரெண்டு தடவை எறிஞ்சேன், ஒண்ணு கூடையில விழுந்துச்சு. அப்புறம் மூணு தடவை, அதுலயும் ஒண்ணு விழுந்துச்சு. மொத்தம் அஞ்சுல ரெண்டுதானே டீச்சர்ங்கறா! அப்புறம் மணி அடிக்கிற வரைக்கும் என்னைப் பேச விட்டாளா? கடன்காரி!" என்று சிரித்தாள். கண் கலங்கியிருந்தது.

5.
அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்த படத்தை நான் போடப்போவதில்லை. நாளைக்கு வாயாடி போடுவாள். அதுவரை நீங்கள் முயன்று பாருங்கள். முதல் பட்டை அரைக்கு, அடுத்தது மூன்றில் ஒன்றுக்கு, கடைசி மொத்தத்துக்கு. பட்டைகள் ஒரே நீளம்தான், நான் சரிபார்த்துவிட்டேன்:

□□□□□□
□□□□□□
□□□□□□

தப்பானால் பரவாயில்லை. சிவப்புப் பேனாவை ஒளித்து வைத்திருக்கிறேன்.