வால் தெரியாத படம்

'காணவில்லை' அறிவிப்பைச் சதுரமாக்கியபோது பூனையின் வால் வெட்டுப்பட்டது. நெடுக்காக மாற்றியபோது வால் வந்தது. தொலைபேசி எண்ணின் கடைசி மூன்று இலக்கங்கள் போய்விட்டன. அகலப் படத்தில் எல்லாமே இருந்தன. பூனைதான் எலியளவுக்குச் சுருங்கிவிட்டது.

சாம்பல் நிறப் பூனை அது. காணாமற்போய் மூன்று நாட்களாகின்றன. குட்டியாக இருந்தபோது கதவிடுக்கில் சிக்கியதால் வால் நுனி மட்டும் கொக்கிபோல் மடங்கியிருக்கும். மற்றச் சாம்பல் பூனைகளிலிருந்து அதைப் பிரித்துக்காட்ட வேறு அடையாளமே கிடையாது.

அறிவிப்பைத் தயாரித்துக்கொண்டிருந்த அவளோ விளம்பர நிறுவனமொன்றில், ஒவ்வொரு சமூக வலைத்தளத்துக்கும் ஏற்ற அளவில் படங்களைத் திருத்தித் தருபவள். முகம் தெரிந்தால் போதும், மற்றதை வெட்டலாம் என்பது அங்கே பாலபாடம். அந்தக் கைப்பழக்கத்தில் முதல் நாளே முகத்தை மட்டும் வெட்டி நான்கு தளங்களில் போட்டுவிட்டாள். அதன் பலனாக இதுவரை பதினோரு அழைப்புகள். பதினோரு வீடுகளுக்கும் அப்பா கூடையோடு போய் வெறுங்கூடையோடு திரும்பினார். ஒரு வீட்டில் இருந்தது முயல்.

இப்போது அப்பா அவள் முதுகுக்குப் பின்னால் நாற்காலி போட்டு அமர்ந்து, திரையைத் தொட்டுத் தொட்டுக் கறையாக்கிக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, ஆபீஸ்ல சோபாவுக்கு நாலு காலும் தெரியற மாதிரி போடற. நம்ம பிள்ளைக்கு ஒரு வாலு போட முடியாதா?"

"சோபா சொன்ன இடத்துல நிக்கும்ப்பா. இது இருக்கிற ஒரே நல்ல போட்டோவுல இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நீட்டிப் படுத்திருக்கு."

பல்லைக் கடித்துக்கொண்டு, முகத்தைத் தனியாகவும் வாலைத் தனியாகவும் ஒரே சதுரத்தில் ஒட்டி ஒரு தளத்துக்கு அனுப்பினாள். விலங்கு வதையாக இருக்கலாம் என்று ஐயுற்று அந்தத் தளம் படத்தை நிறுத்திவைத்தது. விசைப்பலகையைத் தூக்கி எறிந்துவிடலாம் போலிருந்தது. அப்பா எழுந்துபோய், காலையில் வைத்த பாலைக் கொட்டிவிட்டுக் கிண்ணத்தைக் கழுவிப் புதுப் பால் ஊற்றிவைத்தார். அவளுடைய கோபம் பாதியிலேயே நின்றுபோயிற்று.

பன்னிரண்டாவது அழைப்பு காணொளியில் வந்தது. இரண்டு தெரு தள்ளியிருந்த ஓர் அம்மையார், நீங்கள் போட்ட அதே முகம் என்று கைப்பேசியைப் பூனையின் மூக்கருகே நீட்டினார். அப்பா கூடையை மடியில் எடுத்துவைத்துக்கொண்டார்.

"தயவுசெஞ்சு கொஞ்சம் பின்னால போய் வாலைக் காட்டுங்களேன்" என்றாள் அவள்.

"வாலு மேலதாங்க உக்காந்திருக்கு. எழுப்பப் போனா கீறுது."

அப்பா திரையை நோக்கிக் குனிந்து, பால் வைக்கும்போது பூனையைக் கூப்பிடுவதுபோலவே நாவினால் மெல்லச் 'சொக், சொக்' என்று ஒலியெழுப்பினார்.

சதுரம் முழுவதும் முகமாகவே இருந்தது. ஒரு காது மட்டும் மெதுவாகத் திரும்பிற்று.