ஒன்பதாம் பகுதி

ஜூலை மாதத்தின் நடுவில், மொன்றியலுக்கு ஆற்றின் அக்கரையில் இருக்கிற லொங்குய்யில் ஒரு தெருவுக்கு நத்தார் வந்திருந்தது. வீட்டுக் கதவுகளில் பச்சை இலை வளையங்கள் தொங்கின. பேக்கரியாக மாற்றப்பட்டிருந்த மூலைக் கடையின் கண்ணாடியில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. தெருமுனையில் கட்டிய கயிற்றுக்கு அப்பால், அரைக்காற்சட்டை போட்ட சனங்கள் ஐஸ்கிரீம் கையோடு வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் கீர்த்திகன் பனி போட்டுக்கொண்டிருந்தான்.

டிசம்பரில் தொலைக்காட்சியில் காட்டுகிற கிறிஸ்துமஸ் படத்தைக் கோடையிலேயே எடுத்து முடிக்க வேண்டும். அதனால் பனியைச் செய்யவேண்டியிருக்கிறது. முதலில் புல்லின் மேல் ஒரு வெள்ளைப் போர்வையை விரிப்பார்கள். குளிர்ப் போர்வைக்குள் அடைக்கும் பஞ்சுத் தகடு போன்றது அது. ஓரங்களை வெட்டக்கூடாது, உள்ளே மடித்துவிட வேண்டும். வெட்டினால் நேர்கோடு தெரியும், பனி எங்கேயும் நேர்கோட்டில் முடிவதில்லை. அதன்மேல் தூளாக அரைத்த காகிதத்தைக் குழாயால் ஊதுவார்கள். குழாயின் வாயிலேயே தண்ணீரும் மெல்லத் தெறிக்கும், அப்போதுதான் காகிதம் ஒட்டும். ஜன்னல் விளிம்புகளில் ஒரு பக்கம் தடிப்பாகவும் மறுபக்கம் மெல்லியதாகவும் போடவேண்டும். காற்று ஒரு பக்கத்திலிருந்துதானே வரும்.

விழுகிற பனி வேறு வேலை. சவர்க்கார நுரையை ஒரு துணி உறைக்குள் விட்டு, பின்னாலிருந்து விசிறியால் தள்ளினால், உறையின் நூலிடுக்குகளால் நுரை சின்னச் சின்னதாகப் பிய்ந்து பறக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் அசல் பனி. கையில் விழுந்தால் தண்ணீராகாது, வெடித்துக் காணாமல் போய்விடும்.

இதையெல்லாம் யார் கேட்டாலும் கீர்த்திகன் விளங்கப்படுத்துவான். கேட்காவிட்டாலும் விளங்கப்படுத்துவான். பனி மட்டுமில்லை, படத்தின் கதையும் அவனுக்குத் தண்ணீர்பட்ட பாடு. இந்தப் படங்களை விளம்பரங்கள் ஒன்பது துண்டாக வெட்டும். ஒவ்வொரு துண்டின் முடிவிலும் பார்க்கிறவரைக் கதிரையை விட்டு எழும்பாமல் வைத்திருக்க ஏதாவது நடக்கவேண்டும். முதல் பகுதியில் பெரிய நகரத்துப் பெண் தகப்பனின் பேக்கரியை விற்க ஊருக்கு வருவாள். மூன்றாவதில் அவளும் ஊர்க்காரன் ஒருவனும் மா கொட்டிச் சிரிப்பார்கள். ஆறாவதில் முத்தமிடப்போகும் நேரம் யாரோ கூப்பிடுவார்கள். எட்டாவதில் எல்லாம் உடையும், அவள் பெட்டி கட்டுவாள். ஒன்பதாவதில் அவன் ஓடிவருவான், வேலையைவிட அன்பு பெரிது என்று யாராவது சொல்வார்கள், முத்தம். பனி எப்போதும் ஒன்பதாம் பகுதியில்தான் விழும். எட்டில் உடையாத படம் ஒன்பதில் ஒட்டாது என்று கீர்த்திகன் சொல்வான். அது ஒரு பொறிமுறை. பூட்டு திறக்கும் முன் ஒரு சத்தம் கேட்குமே, அப்படி.

அவனுடைய மனைவி வித்தியா மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சென்ட் லோரன்டில் அவர்கள் இருந்த வீட்டின் சமையலறையில், தன்னால் இனி முடியாது என்று சொன்னாள். அவள் அங்கே ஒரு மருந்துத் தொழிற்சாலையின் பொதி கட்டும் பகுதியில் வேலை செய்தாள். கோடை வரைக்கும் வேலை செய்துவிட்டு ஸ்காபரோவில் இருக்கிற அக்காவிடம் போகப்போவதாகச் சொன்னாள். சண்டை எதுவும் இல்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை.  அடுத்த நாள் காலை வேலைக்குப் போகும் வழியில் கீர்த்திகனுக்கு ஒரு நிம்மதி வந்தது. இது எட்டாம் பகுதி என்று நினைத்தான்.

அதற்குப் பிறகு அவன் காத்திருந்தான். அவள் உடுப்புகளை மடித்து அடுக்கும்போது பெட்டியின் சில்லு உருளாமல் ஏன் இறுகுகிறது என்று பார்த்து எண்ணெய் விட்டுக் கொடுத்தான். ஒன்பதாம் பகுதிக்கு என்ன செய்வது என்று மட்டும் யோசித்துக்கொண்டிருந்தான். கடைசியில் அதுவும் கிடைத்தது. வித்தியா முதன்முதலாக மொன்றியலுக்கு வந்து இறங்கியதும் ஒரு ஜூலை மாதம்தான். பனி எங்கே என்று அவள் கேட்டாள். அடுத்த நாளே அவளைப் படப்பிடிப்புக்குக் கூட்டிப்போய், கையில் பிடிக்கிற சின்ன மெஷினால் அவள் தலைக்கு மேலே பனி பெய்ய வைத்தான். அவள் இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு நின்று சிரித்த சிரிப்பை அவன் மறக்கவில்லை. அந்த மெஷினை ரயில் நிலையத்துக்குக் கொண்டுபோவது என்று முடிவு செய்தான்.

அவள் ஏறவேண்டிய மாலை ரயில் இன்றைக்குத்தான். காலையில் வித்தியா இரண்டு கோப்பையில் தேநீர் ஊற்றி மேசையில் வைத்திருந்தாள். அவனுடையதில் சீனி குறைவாக, அவனுக்குப் பிடித்தபடி. அவன் சப்பாத்தைக் கட்டிக்கொண்டு, பேந்து வாறன் என்று சொல்லிவிட்டு வெளிக்கிட்டான். கதவைச் சாத்தும்போது உள்ளுக்குள் கொஞ்சம் சிரித்தும்கொண்டான்.

பனிக் குழுவின் தலைவர் சவிரிமுத்து பாசையூர்க்காரர், கத்தோலிக்கர். நத்தாருக்குப் பனி போடுவதற்கு ஒரு சைவக்காரனை ஆண்டவர் தேடிப் பிடித்திருக்கிறார் என்று கீர்த்திகனைப் பகிடி பண்ணாத நாள் இல்லை. அன்றைக்கு அவர் பகிடி பண்ணவில்லை. போர்வைச் சுருளை லொறியிலிருந்து இறக்கும்போதே கேட்டார்.

"அவள் இண்டைக்குப் போறாள் எண்டெல்லோ சொன்னாய். பேந்தேன் இஞ்ச நிக்கிறாய்? போ தம்பி. நான் பாக்கிறன்."

"இப்ப போனால் சரிவராது அண்ணை. கடைசியிலதான் போகோணும்."

"எதின்ர கடைசியில?"

கீர்த்திகன் விளங்கப்படுத்தினான். முன்கூட்டியே போய் நின்றால் அது சும்மா வழியனுப்புவது போலாகிவிடும். எல்லாம் முடிந்தது என்று அவள் நினைக்கிற நேரத்தில் போய் நிற்கவேண்டும். சவிரிமுத்து சுருளின் மற்ற முனையைப் பிடித்தபடி முழுவதையும் கேட்டார். பிறகு, நானும் மனிசியும் படம் பார்க்கிறனாங்கள்தான், ஆனால் விளம்பரத்துக்கு அவள் எழும்பிப் போனால் நானும் பின்னால போறனான் என்று மட்டும் சொன்னார். அது என்ன கதை என்று கீர்த்திகன் கேட்கவில்லை.

அன்றைக்கு எடுத்ததும் கடைசிக் காட்சிதான். கதாநாயகன் தெருவின் அந்தத் தொங்கலிலிருந்து பேக்கரி வாசலுக்கு ஓடிவரவேண்டும். நடிகையின் கம்பளிக் கோட்டுக்குள் கழுத்துக்குப் பின்னால் ஐஸ் பொதி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு முறை அவன் ஓடிவரும்போதும் பனியில் சப்பாத்துத் தடம் விழும். அடுத்த முறை எடுக்குமுன் அந்தத் தடங்களை நிரவி, மேலே புதிதாகக் காகிதம் ஊதி, யாரும் கால் வைக்காத பனியாக்க வேண்டும். எத்தனை தரம் ஓடினாலும் அவன் முதல் தரம் ஓடுவதாகவே தெரியவேண்டும். முதலில் நடிகையின் தலையில் அதிகம் நுரை விழுந்துவிட்டது. பிறகு எங்கோ ஒரு வீட்டில் குளிரூட்டி இரைந்தது. பிறகு நடிகனுக்கு வசனம் தடுக்கியது. உதவி இயக்குநர் இன்னொரு தரம் என்றாள். கீர்த்திகன் தடங்களை மூடிக்கொண்டே இருந்தான்.

நேரம் நெருங்கியபோது சவிரிமுத்து வந்து குழாயை அவன் கையிலிருந்து வாங்கினார். கீர்த்திகன் சின்ன மெஷினின் தாங்கியில் நுரைத் திரவத்தை விளிம்புவரை நிரப்பி, பையில் போட்டுக்கொண்டு ஓடினான்.

மஞ்சள் பாதை மெத்ரோ ரயில் ஆற்றுக்கு அடியால் போகும்போது அவன் தன் வசனத்தைச் சொல்லிப் பார்த்தான். பெரி என்ற நிலையத்தில் இறங்கி ஆரஞ்சுப் பாதைக்கு மாறினான். எதிரே இருந்த பெண் அவனுடைய தலையையே பார்த்தாள். ஜன்னலில் பார்த்தபோது முடி முழுக்க வெள்ளைத் தூள். துடைக்காமல் விட்டான். அதுவும் பொருத்தமாகத்தான் இருக்கும் என்று பட்டது.

வித்தியா ரயில் நிலையத்தின் வாங்குப் பலகை ஒன்றில் பெட்டியை முழங்காலோடு அணைத்தபடி இருந்தாள். அவன் மூச்சு வாங்க முன்னால் போய் நின்றான். அவள் திடுக்கிடவில்லை. அவனுடைய தலையைப் பார்த்தாள், தோளைப் பார்த்தாள், பிறகு பையைப் பார்த்தாள்.

"அதுக்குள்ள என்ன இருக்கெண்டு எனக்குத் தெரியும்" என்றாள். "அதை எடுக்காதேங்கோ."

அவன் பையின் சிப்பிலிருந்து கையை எடுத்தான். சொல்லிப் பார்த்த வசனம் நீளமானது. வாயில் வந்தது கொஞ்சம்தான்.

"நீர் போகவேண்டாம், வித்தியா."

அவள் பெட்டியைக் கொஞ்சம் நகர்த்தி அவன் இருக்க இடம் விட்டாள். அவன் இருந்தான். அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நல்லது என்று அவனுக்குத் தோன்றியது.

"காலமை நீங்கள் அந்தத் தேத்தண்ணியை இருந்து குடிச்சிருந்தால் நான் போயிருக்க மாட்டன். அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டு ஊத்தினனான்."

"நான் கடைசியில வருவம் எண்டு..."

"தெரியும். ஒன்பதாம் பகுதி. எனக்கு எத்தினை தரம் விளங்கப்படுத்தியிருக்கிறீங்கள்." அவள் கைப்பிடியைத் தடவினாள். "எனக்கு எட்டாம் பகுதியிலதான் ஆள் தேவைப்பட்டது."

 தான் பனி போட்ட எத்தனையோ எட்டாம் பகுதிகளைக் கீர்த்திகன் நினைத்துப் பார்த்தான். எல்லாவற்றிலும் அந்தப் பெண் தனியாகத்தான் ஜன்னலோரம் நின்றாள். அதை அவன் கவனித்ததே இல்லை. அந்த ஜன்னலின் விளிம்பில் பனி எந்தப் பக்கம் தடிப்பாக இருக்கிறது என்பதைத்தான் கவனித்திருந்தான்.

அவள் தாயின் செத்தவீட்டைப் பற்றிச் சொன்னாள். சுன்னாகத்தில் தாய் இறந்தபோது வித்தியாவுக்குப் பயணப்பத்திரம் கைக்கு வந்திருக்கவில்லை. தொலைபேசித் திரையில்தான் பார்த்தாள். வாய்க்கரிசி போடுகிற நேரத்தில் படம் அப்படியே நின்றுவிட்டது. யாரோ ஒருவருடைய முழங்கை தாயின் முகத்தை மறைத்தபடி. கீர்த்திகன் பக்கத்தில்தான் இருந்தான். சிக்னல் கடலுக்கடியால் எப்படி வருகிறது, ஊரில் ஒரே நேரத்தில் எல்லோரும் பாவித்தால் ஏன் இறுகுகிறது என்று மெதுவாக, பொறுமையாக, அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தான். படம் திரும்ப ஓடியபோது சவப்பெட்டியை மூடியிருந்தார்கள்.

"நீங்கள் சொன்னது முழுக்கச் சரி" என்றாள் வித்தியா. "நான் பேந்து தேடிப் பாத்தனான். சரிதான்."

அறிவிப்புப் பலகையில் ரயிலின் பெயருக்கு நேரே இருந்த எழுத்து மாறியது. தாமதம். ஏன் என்று கீர்த்திகனுக்குத் தெரியும். தண்டவாளம் சரக்கு ரயில்காரருடையது, பயணிகள் ரயில் ஒதுங்கி வழிவிட வேண்டும், ஒரு நீளச் சரக்கு ரயில் வந்தால் பின்னால் வருவது எல்லாம் வரிசையாகப் பிந்தும்.  சொல்ல வாயெடுத்தவன், நிறுத்திக்கொண்டான்.

வித்தியா அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. உதட்டோரத்தில், அந்த முதல் ஜூலையின் சிரிப்பில் ஒரு துளி வந்து போனது.

"சரி, சொல்லுங்கோ. ஏன் பிந்துதாம்?"

"தெரியாது" என்றான் கீர்த்திகன்.

அவளுடைய கண் நிறைந்தது. கையை நீட்டி அவன் காதுக்கு மேல் ஒட்டியிருந்த காகிதத் துண்டு ஒன்றை எடுத்தாள். எங்கே போடுவது என்று தெரியாமல் தன் உள்ளங்கையிலேயே வைத்துக்கொண்டாள். ரயிலுக்குக் கூப்பிடும்வரை அவன் அவளோடு சும்மா இருந்தான். அவ்வளவு நேரம் அப்படி இருந்தது அதுதான் முதல் தடவை. சனங்கள் வரிசையாக எழும்பத் தொடங்கியபோது பெட்டியின் கைப்பிடியை அவன் உயர்த்திக் கொடுத்தான். அவள் கீழே இறங்கும் நகரும் படியில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பனி விழவேண்டிய இடம் அது. அவன் பையைத் தொடவில்லை. சில்லுகள் சத்தமில்லாமல் உருண்டன, அவன் விட்ட எண்ணெய்.

லொங்குய்க்குத் திரும்பி வந்தபோது கோடை வெயில் இன்னும் மறையவில்லை. முத்தம் சரிவந்து எல்லோரும் போய்விட்டார்கள். பனிக்காரருக்கு மட்டும்தான் வேலை மிச்சம். இருட்டுமுன் தெருவைச் சனங்களிடம் திருப்பிக் கொடுக்கவேண்டும். போர்வைகளைச் சுருட்டினால் அடியில் புல் நசுங்கிப் படுத்திருக்கும், ஒரு கிழமையில் எழும்பும். காய்ந்த காகிதத்தை மெஷினால் உறிஞ்சி எடுக்கலாம். ஈரமானது மட்டும் புல்லோடு ஒட்டிக்கொள்ளும், அதைக் கையால்தான் பொறுக்கவேண்டும்.

சவிரிமுத்து அவனுடைய பையை வாங்கி லொறியில் வைக்கப் போனவர், பாரத்தை உணர்ந்து சிப்பைத் திறந்தார். தாங்கியில் திரவம் விளிம்புவரை அப்படியே இருந்தது. அவர் அவனைப் பார்த்துக்கொண்டு நின்றார், எப்போதும்போல அவன் முழுவதையும் விளங்கப்படுத்துவான் என்று.

"போயிட்டா அண்ணை" என்றான் கீர்த்திகன்.

சவிரிமுத்து இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு பையை மெதுவாக உள்ளே வைத்துவிட்டு வந்து, முழங்கால் நோகிறவர், அவனுக்குப் பக்கத்தில் புல்லில் குந்தினார். இரண்டு பேரும் பேக்கரி வாசலிலிருந்து தொடங்கி, ஈரக் காகிதத்தைக் கையால் பொறுக்கினார்கள்.